லிம் சூ காங் செம்மண்ணில் ஆர்-1 டயர்: சட்டிப் பலுகோடு ஓராண்டு ஓட்டிய பின் எழுதும் மதிப்பீடு

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் இருக்கும் எங்கள் பண்ணை டிராக்டரோடு வந்த, கட்டுமான வேலைக்கான ஆர்-4 வகை டயர்களைக் கழற்றிவிட்டு, ஆர்-1 வகை உழவு டயர்கள் நான்கை வாங்கிப் பூட்டி ஓராண்டு ஆகிறது. பின்சக்கரத்துக்கு 11.2-24, முன்சக்கரத்துக்கு 7.2-16 என்பவை அவற்றின் அளவுகள்; முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம் விட்டம், இரண்டும் அங்குலத்தில். அந்த நான்கும் மூன்று வகை மண்ணில், ஒரே சட்டிப் பலுகை இழுத்துக்கொண்டு, ஒரு பருவமழையையும் அதன் பின் வந்த வறண்ட வாரங்களையும் கடந்துவிட்டன. உற்பத்தியாளரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆர்-1, ஆர்-4 இரண்டையும் ஒரே நிறுவனம்தான் செய்கிறது. நான் கண்ட வேறுபாடுகளுக்குப் பட்டனின் (டயரின் மேல் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டையின்) உயரமும், உள்ளே அடைத்த காற்றும், சக்கரத்தின் மேல் நின்ற எடையுமே காரணங்கள். இந்த வட்டாரத்தில் டிராக்டர் வைத்திருப்பவர்களும், பூங்கா, தோட்ட வேலைகளை எடுத்துச் செய்யும் நம்மவர்களும் டயருக்குப் பணம் போடும் முன் இதைப் படித்துவிட்டால் எனக்கு நேர்ந்த சில இழப்புகளைத் தவிர்க்கலாம்.

டிராக்டர் 35 குதிரைத்திறன் கொண்டது; நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை. அதன் பின்னால் மாட்டியிருப்பது ஆறடி அகலமுள்ள சட்டிப் பலுகு. டிஸ்க் ஹாரோ என்று கடையில் கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள். 18 அங்குல விட்டமுள்ள 16 சட்டிகளில் முன்வரிசையில் இருப்பவை மண்ணை வெளிப்புறம் வீச, பின்வரிசையில் இருப்பவை அதை மறுபடி உட்புறம் திருப்பிப் போடும். கலப்பையைப் போல் இது மண்ணைக் கவ்விக்கொண்டு தானாக இறங்குவதில்லை. தன் சொந்த எடையாலும், சட்டிகள் நிற்கும் கோணத்தாலும்தான் இறங்குகிறது. கோணத்தைக் கூட்டினால் ஆழம் கூடும். அதற்கேற்ப இழுவையும் கூடும். அந்த இழுவை முழுவதையும் தாங்கிக்கொள்வது டயர் மண்ணைத் தொடும் சிறிய இடம் ஒன்றுதான். அங்கே பிடிப்பு இல்லையென்றால் எந்திரத்தின் திறன் அனைத்தும் சக்கரத்தைச் சுழற்றிச் சேறு வாரி இறைப்பதிலேயே போய்விடும்.

சிங்கப்பூரின் மொத்த நிலத்தில் வேளாண்மைக்கு இருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிறு பரப்பிலும் மண் ஒரே மாதிரி இல்லை. எங்கள் மேட்டு நிலம் செம்மண். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வரும் தம்பிமார்கள் இதன் நிறத்தைப் பார்த்தவுடன் புதுக்கோட்டைச் செம்மண்ணை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நிறம் மட்டுமே பொது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இத்தீவில், நெடுங்காலமாகப் பாறை இற்று உண்டான இந்த மண்ணில் களி மிகுதி. நனைந்தால் சோப்புக் கட்டியைப் போல் வழுக்கும். இரண்டு வாரம் வெயில் அடித்தால் சட்டியின் விளிம்பு கணகணவென்று ஒலிக்கும் அளவுக்கு இறுகிவிடும். நிலம் சரிந்து போகும் தாழ்ந்த ஓரத்தில் சாம்பல் நிறக் களிமண் இருக்கிறது. அங்கே நீர் வடிவதே இல்லை. மூன்றாவது, பண்ணைக்கு வெளியே நான் ஒப்பந்தத்துக்குச் செய்து கொடுக்கும் வேலை. தீவின் கிழக்குக் கரையில் 1966இல் தொடங்கிய நில மீட்புத் திட்டமும் அதன் பிறகு வந்தவையும் உருவாக்கிய பரப்புகளில் பல இடங்களில் மேலே இருப்பது மணல். அத்தகைய ஓரிடத்தில் மக்கிய உரத்தைப் பரப்பி, புல் பதிப்பதற்கு முன் அதைப் பலுகடித்து மணலோடு கலந்து கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த மூன்று மண்ணிலும் முதலில் ஆர்-4 டயரை வைத்துத்தான் ஓட்டினேன். ஆர்-4 என்பது தொழிற்சாலை, கட்டுமானத் தளம், முன்வாளி வேலை ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்ட வகை. பட்டன்கள் அகலமானவை, இடைவெளி குறைவு, உயரம் ஆர்-1 பட்டனின் உயரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு. பக்கச் சுவர் கெட்டியானது. கல், கம்பி, கட்டட இடிபாடு எதற்கும் எளிதில் கிழியாது. சிறிய டிராக்டர்கள் இந்த டயரோடு விற்கப்படுவதற்கு நியாயமான காரணம் உண்டு. வாங்குபவர்களில் பலருக்கு டிராக்டர் உழவு எந்திரமாக அல்ல, மண் வாரும் எந்திரமாகவே பயன்படுகிறது. உழவு என்று வரும்போதுதான் குறை தெரிகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய டிசம்பர் மாதத்தில் ஒரு காலை, மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்த செம்மண் பாத்தியில் பலுகை இறக்கினேன். இருபதடி போவதற்குள் பட்டன்களுக்கு இடையே இருந்த பள்ளங்கள் அனைத்தும் மண்ணால் அடைபட்டு, பின்சக்கரம் இரண்டும் வழவழப்பான சிவப்பு உருளைகளாக மாறிவிட்டன.

எவ்வளவு வழுக்குகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் பலுகைத் தூக்கியபடி பின்சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்போது டிராக்டர் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொண்டு, பிறகு பலுகை இறக்கி அதே பத்துச் சுற்றை அளந்தேன். டயரின் பக்கச் சுவரில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு, தரையில் இரண்டு முளை, ஓர் அளவு நாடா. இவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆர்-4 வெறுமையாக ஓடியபோது பத்துச் சுற்றுக்கு 30.5 மீட்டர் போயிற்று. பலுகோடு 22 மீட்டர்தான் போயிற்று. அதாவது நூறு சுற்றில் 28 சுற்று வீண். உழுது தளர்ந்த மண்ணில் 11 முதல் 13 விழுக்காடு வரையும், கெட்டியான மண்ணில் 8 முதல் 10 விழுக்காடு வரையும் வழுக்கலாம் என்பது அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டு நெறி. மிகவும் மிருதுவான மண்ணிலும் மணலிலும் 16 வரை போகலாம். கொஞ்சம்கூட வழுக்காமல் ஓடினாலும் தவறுதான். தேவைக்கு மேல் எடையைச் சுமந்துகொண்டு மண்ணை நசுக்குகிறோம் என்று அதற்குப் பொருள். 28 என்பது எந்தக் கணக்கிலும் ஒத்துக்கொள்ளக்கூடியது அல்ல.

காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது, பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் 18ஆம் நூற்றாண்டில் மண்ணின் வலிமையைப் பற்றிச் சொன்ன எளிய விதி. மண் இரண்டு வழிகளில் நம்மை எதிர்த்து நிற்கிறது. ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மை. மற்றொன்று, மேலே எடை அழுத்தும்போது துகள்களுக்கு இடையே ஏற்படும் உராய்வு. ஈரக் களிமண்ணில் ஒட்டும் தன்மைதான் முதன்மை. அது டயர் தொடும் பரப்பைப் பொறுத்துக் கூடுமே தவிர, எடையைப் பொறுத்து அதிகம் கூடாது. மணலில் ஒட்டும் தன்மை அநேகமாக இல்லை. உராய்வு மட்டுமே உண்டு. அங்கே எடை கூடினால் பிடிப்பும் கூடும். களிமண்ணில் தடுமாறும் ஒருவர் டிராக்டரில் மேலும் மேலும் எடையை ஏற்றுவதும், மணலில் தடுமாறும் ஒருவர் பட்டன் உயரமான டயரைத் தேடி அலைவதும் இந்த வேறுபாட்டை அறியாததால் வரும் செலவுகள். நானும் முதல் பருவத்தில் செம்மண் வேலைக்கு முன்புறம் எடைக்கட்டிகளை அடுக்கிப் பார்த்தேன். அளவு நாடாவில் ஏறத்தாழ எந்த மாற்றமும் தெரியவில்லை. சக்கரத் தடம் மட்டும் முன்னைவிட ஆழமாகப் பதிந்தது.

அதன் பிறகுதான் ஆர்-1 வாங்க முடிவு செய்தேன். டயர் மட்டும் வாங்கினால் போதும் என்று நினைத்துக் கடைக்குப் போனவனுக்கு அங்கே ஒரு பாடம் காத்திருந்தது. எங்கள் ஆர்-4 பின் டயரின் அளவு 15-19.5, அதன் ரிம் விட்டம் 19.5 அங்குலம். ஆர்-1 டயருக்கு 24 அங்குல ரிம் வேண்டும். ஆகவே ரிம்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதைவிட முக்கியமானது, நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே பல்சக்கரங்களால் கட்டப்பட்ட ஒரு விகிதம் இருக்கிறது. முன் டயர் தரையில் பின் டயரைவிட 1 முதல் 5 விழுக்காடு வரை முந்தி ஓடும்படி அது அமைக்கப்பட்டிருக்கும். பின்னால் மட்டும் பெரிய டயரைப் போட்டு முன்னால் பழையதை விட்டுவைத்தால் அந்த விகிதம் கெட்டு, முன் அச்சும் பல்சக்கரப் பெட்டியும் ஒன்றையொன்று முறுக்கத் தொடங்கும். ஆகவே டிராக்டரின் கையேட்டில் ஒன்றாகக் குறித்திருக்கும் முன், பின் ஜோடியைத்தான் வாங்க வேண்டும். நான்கையும் ஒருசேர மாற்ற வேண்டும். இங்கே உழவு டயரைக் கடையில் அடுக்கி வைத்திருப்பவர் யாரும் இல்லை. சொல்லி வைத்து, ஜொகூர் வழியாக வர ஆறு வாரம் காத்திருந்தேன். செலவு நான் ஒதுக்கியிருந்ததைப் போல் இரண்டு மடங்காயிற்று. அந்தக் கூடுதலில் பெரும்பங்கு ரிம்களுக்கே போயிற்று.

பூட்டிக் கொடுத்தது சுங்கை காடுட் பக்கம் உள்ள ஒரு டயர் கடை. லாரி டயரில் அவர்களுக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. உழவு டயர் அவர்களுக்குப் புதிது. முதல் நாள் செம்மண்ணில் இறக்கியபோது என்னோடு வேலை செய்யும் தஞ்சாவூர்த் தம்பிதான் ஓட்டினார். மூன்றாவது சாலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, “அண்ணே, டிஃபரன்ஷியல் லாக்கை மிதிச்சா வண்டி வலப்பக்கமா இழுக்குது, மிதிக்காட்டி வலது சக்கரம் மட்டும் சும்மா சுத்துது” என்றார். அந்த லாக்கை மிதித்தால் பின்சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும். முதலில் காற்றைச் சோதித்தேன்; இரண்டு பக்கமும் சமம். பிறகு அவரே சக்கரத் தடத்தைக் காட்டினார். இடப்பக்கத் தடத்தில் பட்டன்கள் பதித்த கூர்முனைகள் எல்லாம் டிராக்டருக்குப் பின்புறம் நோக்கியிருந்தன; வலப்பக்கத் தடத்தில் அவை முன்புறம் நோக்கியிருந்தன. வலது டயரைத் தலைகீழ்த் திசையில் பூட்டியிருந்தார்கள்.

இது சிறிய விஷயம்போல் தோன்றும். சரியாகப் பூட்டிய டயரில், பட்டனின் நடுப்பகுதி முதலில் தரையைத் தொட்டு, ஓரங்கள் பிறகு தொடும். அதனால் நடுவில் சிக்கும் மண் இரு பக்கமும் பிதுங்கி வெளியேறும். டயர் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். திசை மாறினால் ஓரங்கள் முதலில் தொட்டு மண்ணை நடுவே குவிக்கும். குவிந்த மண்ணுக்குப் போக இடமில்லாமல் அங்கேயே இறுகிவிடும். டயரின் பக்கச் சுவரில் ஓர் அம்புக்குறி அச்சிடப்பட்டிருக்கிறது. முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் நின்று டயரின் மேற்பகுதியைப் பார்த்தால் பட்டன்களின் கூர்முனை முன்னோக்கி இருக்க வேண்டும். கடைக்காரர் தவறை ஒப்புக்கொண்டு, கட்டணம் வாங்காமல் கழற்றி மாற்றிக் கொடுத்தார். எனக்கு இழப்பு இரண்டு வேலை நாள்களும் லாரி வாடகையும். வண்டியைக் கடையிலிருந்து எடுக்கும் முன் நான்கு அம்புக்குறிகளையும் நீங்களே விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

காற்றின் அளவிலும் அதே கடையில் ஒரு பழக்கம் குறுக்கிட்டது. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காருவதற்காக ஏற்றிய 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம்) காற்றை அப்படியே விட்டிருந்தார்கள். லாரிக்காரர்களுக்கு அது குறைவு. வயலில் இறங்கும் டிராக்டருக்கு அது மிக அதிகம். பண்ணைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்தேன். பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டன்களில் ஈரச் செம்மண்ணைப் பூசி, சிமெண்டுத் தரையில் விரித்த காக்கித் தாளின்மேல் இறக்கினேன். பிறகு காற்றை 12 பிஎஸ்ஐக்குக் குறைத்து, புதுத் தாளில் மறுபடி இறக்கினேன். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டாவது தடம் நான்கு விரற்கடை நீளமாக இருந்தது. முதல் தாளில் மங்கலாக இருந்த ஓரப் பட்டன்கள் இரண்டாவதில் முழுதாகப் பதிந்திருந்தன. அந்த நான்கு விரற்கடைதான் களிமண்ணில் நமக்குக் கிடைக்கும் கூடுதல் பிடிப்பு. அதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் உங்கள் டயர் தாங்கும் எடைக்கு எவ்வளவு குறைந்த காற்று போதும் என்பதை உற்பத்தியாளரின் அட்டவணையில் பார்த்துவிட்டே குறைக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால் பக்கச் சுவர் மடிந்து விரிசல் விடும். ரிம் உள்ளே சுழன்று வால்வைப் பிய்த்துவிடும். சாலையில் ஓடும் முன் காற்றை மறுபடி ஏற்ற வேண்டும்.

திசையும் காற்றும் சரியான பின், அதே மேட்டு நிலத்தில், மழை விட்டு இரண்டு நாள் ஆன அதே பக்குவத்தில் மறுபடி அளந்தேன். ஆர்-1 டயர் வெறுமையாகப் பத்துச் சுற்றுக்கு 33 மீட்டர் போயிற்று. பலுகோடு 28 மீட்டர் போயிற்று. வழுக்கல் 15 விழுக்காடு. முன்பு மூன்று முறை ஓட்டிப் பொடியாக்கிய பாத்தி இப்போது இரண்டு ஓட்டத்திலேயே கீரை விதைக்கத் தயாராகிறது. மூன்றாவது ஓட்டம் மிச்சம். வழுக்கல் குறைந்ததால் டிராக்டர் ஒரே சீரான வேகத்தில் ஓடுகிறது. சட்டிகள் மண்ணை இடைவெளி விடாமல் புரட்டிப் போடுகின்றன. முன்பெல்லாம் சக்கரம் வழுக்கி, பின் திடீரென்று பிடித்து, மறுபடி வழுக்கும் ஒவ்வொரு முறையும் பலுகு துள்ளி, பாத்தியில் மேடு பள்ளம் விழும். தடத்தைப் பார்த்தும் அறியலாம். ஆர்-4 ஓடிய தடத்தில் பட்டன் பதிவே தெரியாமல் மெழுகியது போல் இருக்கும். இப்போது ஓரங்களில் பதிவு தெளிவாகவும், நடுவில் கொஞ்சம் கலைந்தும் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். பதிவு துளியும் கலையாமல் அச்சு வார்த்தது போல் இருந்தால் எடையைக் குறைக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சேர்க்காமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். பிடிப்பு கூடியதால், முன்பு இறங்கவே முடியாத ஈரத்திலும் இப்போது இறங்க முடிகிறது. ஜனவரியில் நாற்று நடும் தேதி நெருங்கியதால் பதம் பாராமல் ஒரு பாத்தியைப் பலுகடித்தேன். டயர் ஒழுங்காகவே இழுத்தது. பிப்ரவரியில் அந்தப் பாத்தியில் மட்டும் பயிர் வெளிறி நின்றது. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தபோது ஒரு சாண் ஆழம்கூடப் போகாமல், சட்டிகளின் அடிவிளிம்பு உரசிப் போன மட்டத்தில், பூசினாற்போல் ஒரு கெட்டித் தகடு படிந்திருந்தது. வேர்கள் அதன்மேல் படுக்கைவாட்டில் ஓடியிருந்தன. ஈரக் களிமண்ணில் சட்டிப் பலுகு செய்யும் கேடு இது. டயரைக் குறை சொல்ல முடியாது. வழுக்கும் டயர் முன்பு என்னைத் தடுத்து நிறுத்தியது. இப்போது அந்தத் தடையை நானே போட்டுக்கொள்ள வேண்டும். சட்டி இறங்கும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிக் கீழே போடுகிறேன். உடைந்து சிதறினால் பதம். தட்டையாகி ஒட்டிக்கொண்டால் அன்று வேலை இல்லை. கட்டைவிரலால் தள்ளும்போது நாடாபோல் நீண்டு வந்தாலும் காத்திருக்க வேண்டும்.

தாழ்நிலத்தின் சாம்பல் களிமண்ணில் ஆர்-1 எனக்குக் கைகொடுக்கவில்லை. வறண்ட பிப்ரவரி கடைசியில் மட்டும் ஓரளவு வேலை நடந்தது. மற்ற நாள்களில் இந்தப் பட்டன்களும் அடைபட்டன; 35 விழுக்காட்டுக்கு மேல் வழுக்கியபோது நிறுத்திவிட்டேன். தஞ்சாவூர்த் தம்பி இதைப் பார்த்து, ஊரில் இப்படிப்பட்ட சேற்றில் டயரை நம்பி யாரும் இறங்குவதில்லை, இரும்பு கேஜ் வீலை, அதாவது கூண்டுபோன்ற இரும்புச் சக்கரத்தைப் பூட்டிக்கொள்வார்கள் என்றார். சரிதான், கேஜ் வீல் சேற்றுக்குள் இறங்கி அடியில் உள்ள கெட்டித் தளத்தைப் பற்றுகிறது. அது சாலையையும் பண்ணைப் பாதையையும் கொத்திக் கிழித்துவிடும் என்பதால் எங்கள் இடத்துக்கு ஒத்துவராது. ஆர்-2 என்று நெல், கரும்பு வயல்களுக்காக ஒரு டயர் வகை உண்டு. பட்டன் உயரம் ஆர்-1ஐப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அரை ஏக்கர்கூட இல்லாத தாழ்நிலத்துக்காக அதை வாங்குவது வீண் செலவு. வடிகால் வெட்டுவதே பயன் தரும். அந்த வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறோம்.

கிழக்குக் கரை மணலில் கிடைத்த முடிவுதான் என்னை வியக்க வைத்தது. கூலோம் விதியைப் படித்திருந்தும் நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆர்-4 டயர் அங்கே பத்துச் சுற்றுக்கு 25 மீட்டர் போயிருந்தது. வழுக்கல் 18 விழுக்காடு. புதிய ஆர்-1 டயர் 27 மீட்டர் போயிற்று. அதன் சுற்றளவுக்குக் கணக்கிட்டால் அதுவும் 18 விழுக்காடுதான். உயரமான பட்டன் காய்ந்த மணலை அள்ளிப் பின்னால் எறிந்ததே தவிர, இழுக்கவில்லை. பிறகு பின் டயர்கள் இரண்டிலும் தண்ணீர் நிரப்பினோம். வால்வை மேலே நிறுத்தி, அதன் மட்டம் வரை நிரப்பினால் டயரின் கொள்ளளவில் முக்கால் பங்கு நிரம்பும். இந்த அளவு டயருக்கு ஏறத்தாழ 130 லிட்டர் பிடித்தது. பக்கத்துக்கு 130 கிலோ எடை, அச்சின்மேல் சுமையாக இல்லாமல் நேரே சக்கரத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அடுத்த அளவீட்டில் 28.5 மீட்டர், வழுக்கல் 14 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. குளிர்நாடுகளில் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். அது ரிம்மை அரிக்கும். நமக்கு வெறும் குழாய்த் தண்ணீர் போதும். மணல் வேலை முடிந்து செம்மண்ணுக்குத் திரும்பும்போது தண்ணீரை வடித்துவிடுகிறேன். களிமண்ணில் அந்த எடையால் பிடிப்பு பெரிதாகக் கூடுவதில்லை. மண் இறுகுவது மட்டும் கூடுகிறது.

மண்ணுக்கேற்பப் பலுகின் கோணத்தையும் மாற்றுவதால்தான் இந்த எண்கள் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஈரச் செம்மண்ணில் சட்டிகளை ஏறத்தாழ நேராக்கி, குறைந்த கோணத்தில் ஓட்டினால் இழுவை தணிகிறது. வெயிலில் இறுகிய மண்ணில் கோணத்தைக் கூட்டி, பலுகின் சட்டத்தின்மேல் எடை வைத்தால்தான் சட்டி இறங்குகிறது. அப்போது மண் கெட்டியாக இருப்பதால் டயருக்கும் சிரமம் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை கிளறி மென்மையாக இருக்கும் நிலத்தில்தான் டயருக்கு மிகக் கடினமான சோதனை. பிடிப்பும் குறைவு, சக்கரம் புதைந்து உருள்வதற்கே திறன் செலவாகும். எனவே இரண்டாவது ஓட்டத்துக்கு முதல் ஓட்டத்தைவிடக் குறைந்த கோணத்தை வைக்கிறேன்.

குறைகள் என்று பார்த்தால், ஆர்-1 டயர் புல்தரையில் திரும்பும்போது புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்துவிடுகிறது. புல்வெளி பராமரிக்கும் வேலை உங்களுக்கு முதன்மையானால் இதை வாங்க வேண்டாம். தார்ச்சாலையில் அதிர்வு அதிகம். பண்ணை வாசலிலிருந்து கொட்டகை வரையுள்ள சிமெண்டுப் பாதையில் தினமும் ஓடியதிலேயே பின் பட்டன்களின் முன்விளிம்பு மழுங்கத் தொடங்கிவிட்டது. பக்கச் சுவர் ஆர்-4 அளவுக்குத் தடிப்பில்லை. இடிபாடு கிடந்த ஓர் இடத்தில் பழைய கம்பி ஒன்று கீறியதில், ஆழமில்லாத வெட்டு ஒன்று இடது டயரில் இருக்கிறது. உள்ளிழைகள் குறுக்காகப் பின்னாமல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் ரேடியல் டயராக வாங்கியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ரேடியலின் பக்கச் சுவர் நன்றாக வளைந்து கொடுப்பதால் தடம் நீளமாகும், வழுக்கல் இன்னும் குறையும் என்பது உண்மை. பெரிய டிராக்டரில் நாள் முழுதும் உழுபவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை திரும்பக் கிடைத்துவிடும். எங்களைப் போல் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் சிறு பாத்திகளில் ஓட்டுபவர்களுக்குச் சாதாரணக் குறுக்கிழை டயர் போதும் என்பது என் கருத்து.

ஆகவே, களி மிகுந்த செம்மண்ணில் சட்டிப் பலுகோ கலப்பையோ தொடர்ந்து இழுப்பவர்களுக்கு ஆர்-1ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மணல்தான் உங்கள் வேலை என்றால் இருக்கும் டயரிலேயே தண்ணீரை நிரப்பி அளந்து பாருங்கள். புது டயர் தேவைப்படாமல் போகலாம். முன்வாளி வேலையும் இடிபாடு அகற்றுவதும் பாதிக்கு மேல் இருந்தால் ஆர்-4ஐ மாற்ற வேண்டாம். எங்கள் பழைய ஆர்-4 டயர்களை ரிம்மோடு கொட்டகையில் நிழலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். கட்டுமானத் தள வேலை வரும்போது இருவர் சேர்ந்தால் ஒரு முற்பகலில் நான்கையும் மாற்றிவிட முடிகிறது. மாற்றிய பின் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, சக்கர நட்டுகள் அனைத்தையும் மறுபடி ஒருமுறை முறுக்கிவிட வேண்டும். முதல் தடவை அப்படிச் செய்தபோது வலது பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் கால் சுற்று தளர்ந்திருந்தன.